எக்கரையிற் குடியிருப்பது?

மனிதன் தன் வாழ்நாளிற் செய்யும் தெரிவுகளுட் பல பின்னர்த் திருத்திக்கொள்ளத் தக்கவை. ஒரு பாடம் ஒவ்வாதெனின் வேறு பாடம் கற்கலாம். ஒரு தொழில் பயன்தராதெனின் வேறு தொழில் நாடலாம். குடியிருக்கும் இடத்தைத் தெரிதல் அத்துணை எளிதில் மாற்றத் தக்கதன்று. நிலம் வாங்கிச் சுவர் எழுப்பிய பின், அத்தெரிவின் நன்மை தீமைகளை நம் மக்களும் அவர்தம் மக்களும் நுகர்வர். வீட்டைக் கட்டிப் பார் என்று நம் முன்னோர் அறைகூவல் போலச் சொல்லிவைத்ததன் பொருள் பணச் செலவு மட்டுமென்று நான் கருதவில்லை. கட்டும் இடம் எதுவென்று துணிவதே அவ்வேலையிற் பாதியாகும்.

நகரென்பது எங்கணும் ஒரே தன்மையதென்று பண்டைத் தமிழர் எண்ணியதில்லை. காவிரிப்பூம்பட்டினத்தைச் சிலப்பதிகாரம் மருவூர்ப்பாக்கம் என்றும் பட்டினப்பாக்கம் என்றும் பகுத்துக் காட்டுகின்றது. கடலை அடுத்த பாக்கத்தில் இன்னின்னார், உள்ளே அமைந்த பாக்கத்தில் இன்னின்னார் என்று இளங்கோவடிகள் எண்ணிச் சொல்லும் முறையை நோக்கின், இடத்துக்கும் வாழ்வுக்கும் உள்ள பொருத்தத்தை அக்காலத்தார் நன்கு அறிந்திருந்தனர் என்பது புலனாகும். அந்த அறிவு இன்று நமக்கு மிகுதியும் வேண்டப்படுகின்றது. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையிலே வாழும் குடும்பங்கள் பல, நகரின் புறத்தே எப்பகுதியிற் காணி வாங்குவது என்ற வினாவோடு அலைகின்ற காலம் இது. அவ்வினா ஒரு குடும்பத்தின் வசதி பற்றியதாய்த் தொடங்கி, ஒரு கரையின் எதிர்காலம் பற்றியதாய் முடிகின்றது. ஆகவே அதனைப் பலரறிய ஆராய்வது தகும்.

இரு கரைகளும் ஒரு பாலமும்

எங்கள் வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. கதிரவன் எழும் பக்கம் எழுவான்கரை. அவன் படும் பக்கம் படுவான்கரை. எழுவான்கரை கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல் நிலம். தென்னையும் மீனும் நெசவும் வணிகமும் அதன் வாழ்வு. படுவான்கரை வயலும் குளமும் மேய்ச்சல் நிலமும் காடும் சேர்ந்தது. தான்தோன்றீஸ்வரர் ஆலயத்தை நடுவாகக் கொண்ட கொக்கட்டிச்சோலை அக்கரையின் தலையூர்களுள் ஒன்று. மண்முனை தென்மேற்குப் பிரதேசத்தின் நிருவாகமும் இங்கிருந்தே நடைபெறுகின்றது.

நெடுங்காலம் இரு கரைகளையும் இணைத்தது ‘பாதை’. பிற இடத்துத் தமிழர்க்கு இச்சொல் வழியைக் குறிக்கும். எங்களுக்கோ மக்களையும் வண்டிகளையும் சுமந்து வாவியைக் கடக்கும் மிதவையைக் குறிக்கும். மண்முனைத் துறையிற் பாதைக்காகக் காத்து நின்று, இக்கரை வந்த பின்னும் நெடுவழி சென்று, நகரின் மருத்துவமனையையோ கச்சேரியையோ அடைந்த தலைமுறையினர் இன்னும் நம்மிடையே உள்ளனர். நோயாளியை ஏற்றிய வண்டி துறையில் நிற்க, பாதை மறுகரையில் நின்ற இரவுகளை அவர்கள் மறக்கவில்லை. இத்தொல்லையோடு போரின் கொடுமையும் சேர்ந்தது. 1987 ஜனவரியிலும் 1991 ஜூனிலும் இப்பகுதியில் நிகழ்ந்த படுகொலைகளும், 2007ஆம் ஆண்டின் முற்பகுதியில் படுவான்கரை மக்கள் எழுவான்கரை முகாம்களுக்கு ஓடிவந்த இடப்பெயர்வும், அக்கரைக்குச் சென்றாலே உயிர் தப்பும் என்ற எண்ணத்தைப் பலர் மனத்தில் ஆழப் பதித்துவிட்டன. நகர்ப்புறத்திற் காணி தேடுவோரை ஆடம்பரம் விரும்புவோர் என்று எள்ளி நகையாடுதல் அறமன்று. அவர்களுட் பலர் அச்சத்தின் நினைவினாலேயே இடந்தேடுகின்றனர்.

இந்நிலையில் 2014ஆம் ஆண்டு யப்பான் நாட்டின் உதவியோடு மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. கொக்கட்டிச்சோலையிலிருந்து புறப்படுவோர் அதன்வழியே ஆரையம்பதி வீதியை அடைந்து, ஏறத்தாழ அரை மணி நேரத்தில் நகரின் எல்லையைத் தொடுகின்றனர். பாலம் வந்தால் ஊர்விட்டு ஊர் போதல் குறையும் என்று எதிர்பார்த்தோர் பலர். ஆயினும் வரும் வழியே போகும் வழியும் ஆதலின், அக்கரைக் காணியைச் சென்று பார்ப்பதும் விலைபேசுவதும் முன்னையினும் எளிதாயின.

வீடு பெண்ணுக்குரியது

எங்கள் நாட்டில் இடந்தெரிதல் பிறநாட்டிற் போன்றதன்று என்பதை வெளியூர் வாசகர் அறிதல் வேண்டும். யாழ்ப்பாணத்துத் தேசவழமையை அறிந்தோர் பலர். மட்டக்களப்பின் முக்குவச் சட்டத்தை அறிந்தோர் சிலர். தாய்வழியாகச் சொத்து இறங்கும் அவ்வழமை பற்றி 1876ஆம் ஆண்டு கிறிஸ்தோபர் பிரிட்டோ ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். அதே ஆண்டில் இயற்றப்பட்ட 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பொதுவான மரபுரிமை விதிகளைக் கொண்டுவந்தது. நீதிமன்றத்தில் முக்குவச் சட்டம் மறைந்தது. வீட்டு முற்றத்தில் மறையவில்லை. இன்றும் வீடும் வளவும் பெண்பிள்ளைக்கே சீதனமாகின்றன. மணமகன் மனைவியின் இல்லத்துக்குக் குடிபுகுகின்றான். தமிழரும் முஸ்லிம்களும் இவ்வழக்கில் ஒன்றுபட்டே நிற்கின்றனர்.

இதனால் விளையும் வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள். பிறநாட்டில் வீடு தேடுவோன் தன் தொழிலையும் வருவாயையும் கருதித் தான் வாழப்போகும் அயலைத் தெரிகின்றான். இங்கோ ஒரு தந்தை, தான் வாழாத வீட்டுக்கு, தான் இன்னும் காணாத மருமகனை எண்ணி இடந்தெரிகின்றான். அவன் கட்டுவது இல்லம் மட்டுமன்று. தன் மகளின் திருமணத்துக்கு ஒரு முன்னுரையும் ஆகும்.

பழைய முறையில் இதனாற் கேடு விளையவில்லை. தாயின் வளவிலேயே மூத்த மகளுக்கு ஒரு வீடு எழும். அதனருகே இளையவளுக்கு மற்றொன்று. பெற்றோர் தமக்கென ஒரு சிறு குடிலை அமைத்துக்கொள்வர். அக்காளும் தங்கையும் பெரியம்மாவும் அம்மம்மாவும் கூப்பிடு தொலைவில் வாழ்ந்தனர். பிள்ளை அழுதால் எடுக்க நான்கு கைகள் இருந்தன. கணவன் கடுஞ்சொல் சொன்னால் அதனைக் கேட்க எட்டுச் செவிகள் இருந்தன. பெண்ணுக்கு அதனினும் சிறந்த காவல் எதுவும் இல்லை. எங்கள் நாட்டில் அயல் என்ற சொல்லுக்கு உறவு என்றே பொருள் கொண்டனர்.

இன்று அந்த வழக்கின் உடல் நிலைத்திருக்க, உயிர் நீங்கி வருகின்றது. வீடு பெண்ணுக்கு வேண்டும் என்ற விதி உண்டு; அது தாயின் அயலில் அமைதல் வேண்டும் என்ற நினைவு தேய்ந்துவிட்டது. உத்தியோக மாப்பிள்ளை நகரை அண்டி வீடு கேட்கின்றான். தந்தை வயலை விற்கின்றான். எங்கள் பாடசாலைக்கு வரும் பெற்றோருள் ஒருவர் அண்மையில் என்னிடம், “சேர், மகளுக்குக் கல்லடிப் பக்கம் பத்துப் பேர்ச் காணி ஒண்டு பாத்திருக்கம். வயலக் குடுத்தாத்தான் கைகூடும். என்ன சொல்றீங்க?” என்றார். “தம்பி, காணியைப் பார்த்தீர்கள், அந்தக் காணியின் அயலைப் பார்த்தீர்களா?” என்று கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, “அங்க நமக்கு ஆரையும் தெரியாதே, சேர்” என்றார். அந்த விடையிலே இக்கட்டுரையின் பெரும்பகுதி அடங்கிவிட்டது.

ஓர் ஏக்கர் என்பது 160 பேர்ச். ஏக்கர்க் கணக்கில் விற்றுப் பேர்ச்சுக் கணக்கில் வாங்கும் வாணிகம் இது. விற்றது ஆண்டுதோறும் நெல் தந்த நிலம். வாங்கியது ஒரு குடும்பம் நிற்கத்தக்க நிலம். 2021ஆம் ஆண்டு இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது விளைச்சல் குன்றிக் கடன்பட்ட உழவர், 2022இன் பொருளாதார நெருக்கடியிற் சீமெந்தும் கம்பியும் விலையேறக் கண்டனர். நிலமொன்றே நம்பத்தக்க சேமிப்பு என்ற எண்ணமும் அக்காலத்தில் வலுத்தது. வயலும் நிலமே என்பதை அந்த அவசரத்திற் பலர் மறந்தனர்.

பழைய வீடுகள் கற்பிப்பவை

நகர்ப்புறத்திற் காணி தேடுவோர் முதலிற் பார்க்க வேண்டியவை அங்குள்ள பழைய வீடுகளே என்பது என் கருத்து. புளியந்தீவிற் போர்த்துக்கேயர் 1628இற் கோட்டை கட்டினர். ஒல்லாந்தர் 1638இல் அதனைக் கைப்பற்றினர். வில்லியம் ஓல்ட் என்னும் மெதடிஸ்த பாதிரியார் 1814இல் வந்து கல்விப் பணி தொடங்கினார். 1873இல் புனித மிக்கேல் கல்லூரி தோன்றியது. கோட்டையையும் கோயில்களையும் கல்லூரிகளையும் சூழ்ந்து வளர்ந்த தெருக்களில், சுண்ணாம்புச் சாந்தாற் கட்டிய சுவரும், மரத்தூண் தாங்கிய விறாந்தையும், தாழ்ந்திறங்கிய ஓட்டுக் கூரையும் உடைய இல்லங்கள் சிலவற்றை இன்றும் காணலாம். மங்களூரில் 1865ஆம் ஆண்டு பாசல் மிசன் தொடங்கிய தொழிற்சாலைக்குப் பின்னர், தட்டை ஓடு கடல்வழியே எங்கும் பரவிற்று. அந்த ஓடு வேய்ந்த வீடுகளும் அவற்றுட் பல.

இவற்றை அழகுக்காக மட்டும் போற்றுவோர் உண்டு. யான் போற்றுவது அறிவுக்காக. அவ்வீடுகளின் தளம் வீதியினும் உயர்ந்து நிற்கும். படியேறியே உட்புக வேண்டும். மாரியில் நீர் எவ்வளவு உயரும் என்பதை அறிந்தவன் வைத்த அளவு அது. கூரையின் தாழ்வாரம் சுவரைக் கடந்து நீளும். அதனால் வெயிலும் சாரலும் சுவரை அணுகா. முற்றம் மணலாக விடப்பட்டிருக்கும். பெய்த மழை அங்கேயே சுவறிக் கிணற்றுக்கு ஊற்றாகும். கிணறு ஒரு மூலையிலும் மலக்குழி எதிர் மூலையிலும் நெடுந்தொலைவில் இருக்கும். எல்லை வேலி கிடுகாலும் பூவரசாலும் ஆனது. வெள்ளம் அதனூடே புகுந்து வாவிக்குச் செல்லும்.

இன்று அவ்வளவுகள் துண்டாடப்படுகின்றன. ஒரு வீடு நின்ற இடத்தில் நான்கு எழுகின்றன. கொங்கிறீற்றுத் தட்டு வெயிலை விழுங்கி இரவெல்லாம் உமிழ்கின்றது. முற்றம் கல் பதித்து மூடப்படுகின்றது. வேலி நீங்கி மதில் எழுகின்றது. மதிலுக்கு மதில் தடைப்பட்ட நீர் போக்கிடமின்றித் தேங்குகின்றது. பழைய வீட்டை இடித்தல் அவ்வீட்டாரின் உரிமை. எனினும் இடிக்குமுன் அவ்வீடு ஏன் அவ்வாறு கட்டப்பட்டது என்று ஒருமுறை கேட்டல் கடமை.

1914 முதல் இந்திய நகரங்களை ஆராய்ந்த பற்றிக் கெடிஸ் என்னும் ஸ்கொத்லாந்து அறிஞர், 1921இற் கொழும்புக்கும் ஒரு திட்டம் வகுத்தளித்தார். பழைய குடியிருப்புகளை அடியோடு இடித்து நேர்வீதி வெட்டுவதை அவர் கண்டித்தார். நோயுற்ற உறுப்பில் மட்டும் மருத்துவன் கைவைப்பது போல வேண்டிய இடத்தை மட்டும் திருத்துமாறு அறிவுறுத்தினார். அவ்வறிவுரை எங்கள் பழந்தெருக்களுக்கும் முற்றும் பொருந்தும்.

பழமையைப் பேணுவதிலும் ஓர் இடர் உண்டு. காலிக் கோட்டை 1988ஆம் ஆண்டு உலக மரபுரிமைத் தலமாக அறிவிக்கப்பட்டது. அதன் பழைய இல்லங்கள் காக்கப்பட்டன, ஆனால் அவற்றுட் பலவற்றைப் பிறநாட்டார் வாங்கினர், பல விடுதிகளாயின. இலண்டனின் வடபால் ஹென்றியெட்டா பார்னெட் அம்மையார் 1907இல் ஒரு தோட்டப் புறநகரைத் தொடங்கினார். ஹாம்ஸ்டெட்டில் அமைந்த அது எல்லா வகுப்பாரும் கலந்து வாழும் இடமாதல் வேண்டும் என்பதே அவர் நோக்கம். இன்று அப்புறநகர் செல்வர் அன்றி வேறெவரும் புகவியலாத விலையுடையது. சுவர்கள் காக்கப்பட்டு அவற்றுள் வாழ்ந்த மக்கள் நீங்குவராயின், காத்ததன் பயன் பாதியே. எங்கள் நகரில் அந்நிலை இன்னும் வரவில்லை. வருமுன் எண்ணுதல் நன்று.

பெயர் சொல்லும் நிலம்

இடத்தின் இயல்பை அறிய நில அளவையாளரின் வரைபடம் உதவும். அதனினும் பழைய வரைபடம் ஒன்று உண்டு, அது ஊர்ப்பெயர். தமிழாசிரியன் என்ற முறையில் இதனைச் சிறிது விரித்துரைக்க வாசகர் இடந்தருக.

நகரைச் சூழ்ந்த பகுதிகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: உப்போடை, நொச்சிமுனை, நாவற்குடா, சேற்றுக்குடா, தாமரைக்கேணி, கறுவப்பங்கேணி, புன்னைச்சோலை, திராய்மடு. முனை என்பது நீருள் நீண்ட நிலம். குடா என்பது நிலத்துள் வளைந்து புகுந்த நீர். கேணி என்பது நீர் நிற்கும் இடம். மடு என்பது அதனினும் ஆழ்ந்த பள்ளம். ஓடை நீர் ஓடும் வழி. இப்பெயர்களை இட்டவர்கள் கவிஞர்கள் அல்லர். அங்கு நடந்தும் மீன்பிடித்தும் வெள்ளத்தில் நனைந்தும் அறிந்த எளிய மக்கள். அவர்கள் சேறென்று சொன்ன இடத்தில் நாம் மண் கொட்டி நிரப்பி வீடு கட்டலாம். சேறு கீழே பொறுமையோடு காத்திருக்கும்.

1957 டிசம்பரிலும் 2011 ஜனவரியிலும் 2024 நவம்பரிலும் பெருவெள்ளம் வந்தபோது நீர் எங்கே நின்றது என்று அயலாரைக் கேட்டறிந்த பின்னரே முற்பணம் கொடுத்தல் வேண்டும். மேற்கிலிருந்து வரும் வெள்ளம் முழுவதும் வாவியில் இறங்கி, முகத்துவாரம் வெட்டப்படும் வரை கரையோரத்தை நனைத்து நிற்கும் என்பது எங்கள் மக்கள் அனைவரும் அறிந்ததே. கடற்பக்கம் சென்றாலோ வேறோர் அச்சம். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நாவலடியையும் கல்லடிக் கரையையும் வாரிச் சென்றதை யார் மறப்பர்? நாவலடியில் உயிர்தப்பிய குடும்பங்கள் பல பின்னர்த் திராய்மடுவிற் குடியேற்றப்பட்டன. கடலுக்கு அஞ்சி நீங்கியவர்க்கு மடுவிற் குடியிருப்பு வாய்த்தது. 1978 நவம்பர் 23ஆம் நாளின் சூறாவளி இரு கரைகளின் கூரைகளையும் வேறுபாடின்றிப் பறித்தது என்பதையும் உடன் சொல்லுதல் முறை. இடரே இல்லாத இடம் எங்கள் நாட்டில் இல்லை. இடரை அறிந்து தெரிந்த இடமும் அறியாது தெரிந்த இடமும் என்ற வேறுபாடே உண்டு.

நிலத்தின் மேலுள்ள நீரைப் போன்றே கீழுள்ள நீரையும் எண்ணல் வேண்டும். எழுவான்கரை மணலின் அடியிலுள்ள நன்னீர், உவர்நீரின்மேல் ஒரு படலமாக மிதக்கின்றது. அதனை மிகுதியாக இறைத்தால் உப்பு மேலெழும். மேலிருந்து அழுக்குச் சேர்ந்தால் மணல் தடுக்காது. கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே 50 அடியேனும் வேண்டுமென்பது சுகாதாரப் பரிசோதகர்கள் வழக்கமாகக் கூறும் அறிவுரை. பத்துப் பேர்ச் காணி ஏறத்தாழ 253 சதுர மீற்றர். அது சதுரமாயின் ஒரு பக்கம் 52 அடி. அக்காணியுள் நீங்கள் எவ்வளவு கவனமாகக் கிணறு தோண்டினும், பக்கத்துக் காணிக்காரரின் குழி உங்கள் கிணற்றுக்கு அருகில் அமைவதைத் தடுத்தல் அரிது. அயலாரை அறிந்தே காணி வாங்குக என்று நான் சொல்வதற்கு உறவும் நட்பும் மட்டும் காரணமல்ல, குடிநீரும் காரணமாகும்.

இந்நெருக்கடிக்கு மருந்தாகவே நகர்க்கும் அதன் புறப்பகுதிகளுக்கும் குழாய்நீர் வந்தது. அந்நீர் எங்கிருந்து வருகின்றது? படுவான்கரையின் உன்னிச்சைக் குளத்திலிருந்து வருகின்றது. வவுணதீவிலே தூய்மை செய்யப்பட்டு வாவியைக் கடக்கின்றது. எழுவான்கரை உண்ணும் சோறும் பருகும் நீரும் படுவான்கரை தருபவை. அதன் மக்களும் இப்போது அவற்றின் பின்னே செல்கின்றனர்.

சான்றோர் வாழும் ஊர்

புறநானூற்றிலே பிசிராந்தையாரை நோக்கி, ஆண்டு பலவாகியும் நரை இல்லாதிருத்தல் எவ்வாறு என்று வினவுகின்றனர். மாண்புடைய மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், குறிப்பறிந்த ஏவலர், முறைகாக்கும் வேந்தன் என்று அடுக்கிய புலவர், முடிவிலே தாம் வாழும் ஊரிற் கொள்கையுடைய சான்றோர் பலர் இருத்தலையே காரணமாகக் கூறுகின்றார். ஊரின் அகன்ற தெருவையோ உயர்ந்த மாடத்தையோ அவர் குறிப்பிடவில்லை. குடியிருக்க இடந்தேடுவோர்க்கு இதனினும் சிறந்த அளவுகோலை நான் அறியேன்.

அவ்வளவுகோலை இன்று எங்கள் கரையின்மேல் வைத்துப் பார்ப்போம். நாள்தோறும் காலையில் மண்முனைப் பாலத்தில் நின்று நோக்கின், எழுவான்கரையிலிருந்து ஆசிரியரும் அலுவலரும் மோட்டார் சைக்கிளிற் படுவான்கரைக்கு வருவதைக் காணலாம். அதே வேளையில், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் நகரப் பாடசாலைகளை நாடி எதிர்த்திசையிற் செல்கின்றனர். பிற்பகலில் இவ்விரு வரிசைகளும் இடம் மாறுகின்றன. பகலிற் பாடம் சொல்லும் ஆசிரியர் மாலையில் ஊரில் இல்லை. வாசிகசாலையில் ஐயம் கேட்க ஒருவர் இல்லை. கோயிற் சொற்பொழிவுக்கு வெளியூரில் ஆள் தேட வேண்டியுள்ளது. இரவு மனுவெழுதக் கற்றவரை நாடி அலைய வேண்டியுள்ளது. இவ்வாறு போதலை யாரும் திட்டமிடவில்லை. ஒவ்வொரு தந்தையும் தன் மகளுக்கு நன்மையே நாடினான். பல நன்மைகள் கூடி ஒரு தீமையாயின.

போவோர் கூறும் காரணங்கள் பொய்யல்ல. போதனா மருத்துவமனை அக்கரையில் உள்ளது. பெயர்பெற்ற கல்லூரிகள் அங்கே உள்ளன. படுவான்கரையின் எல்லையூர்களில் யானை வந்து வேலியை முறிக்கின்றது, உயிரையும் பறிக்கின்றது. பிற்பகலுக்குப் பின் பேருந்துக்குக் காத்திருக்கும் துன்பத்தை எங்கள் மாணவியர் நன்கு அறிவர். இவற்றைத் தீர்க்காமல் ஊரை விட்டுப் போகாதீர் என்று உபதேசித்தல் வெறும் சொல்லாகும். ஆயினும் இங்குள்ள குறைகள் எல்லாம் தீர்க்கத் தக்கவை என்பதையும், அவற்றைத் தீர்க்குமாறு வலிந்து கேட்கத் தக்கவர்களே முதலில் ஊரை நீங்குகின்றனர் என்பதையும் மறத்தல் ஆகாது.

இங்கே கல்லடியின் வரலாறு நமக்கு வழிகாட்டும். புளியந்தீவுக்கும் கல்லடிக்கும் இடையே 1924ஆம் ஆண்டு இரும்புப் பாலம் அமைந்தது. ஆளுநர் மனிங்கின் துணைவியார் பெயரால் அது வழங்கிற்று. பாலம் அமைந்த ஐந்தாம் ஆண்டில், 1929இல், விபுலாநந்த அடிகளார் கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். நகரின் உள்ளே இடந்தேடி அவர் அமர்ந்திருக்கலாம்; நீருக்கு அப்பாலுள்ள மணல் நிலத்தையே கல்விக்கு இடமாகக் கொண்டார். இன்று கல்லடியிற் பத்துப் பேர்ச் காணிக்கு உழவன் வயலை விற்கின்றான் எனின், அவ்விலைக்குப் பாலம் ஒரு காரணம். அங்கு வளர்ந்த கல்விச்சூழல் மற்றொரு காரணம். பாலம் வழியைத் தந்தது. பள்ளி அவ்வூருக்கு மதிப்பைத் தந்தது. மண்முனையில் எங்களுக்குப் பாலம் கிடைத்துவிட்டது. மற்றொன்று இன்னும் கிடைக்கவில்லை. அது சீமெந்தினால் ஆவதன்று. ஊரிலே தங்கி வாழும் ஆசிரியரால் ஆவது.

ஆதலின் மகளுக்கு இடந்தேடும் பெற்றோர்க்குச் சில சொல்வேன். காணியை மாரியில் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் சென்று பாருங்கள். அங்குள்ள மிகப் பழைய வீடு எத்திசை நோக்கி, எவ்வளவு உயரத்தில் நிற்கின்றது என்று கவனியுங்கள். வெள்ளம் நின்ற இடத்தையும் கிணற்று நீரின் சுவையையும் கேட்டறியுங்கள். இரவில் உங்கள் மகள் கூப்பிட்டால் யார் வருவார் என்று எண்ணிப் பாருங்கள். அவ்வினாவுக்கு விடை கிடையாத இடம், நகரின் நடுவிலிருப்பினும் காடேயாகும். இவ்வளவும் பொருந்தி, வயலை விற்காமலே வாங்கவும் இயலுமாயின் வாங்குங்கள். இல்லையெனின் அதே பணத்திற் பாதியைக் கொண்டு தாய்வளவிலே உயர்ந்த தளமும் நீண்ட தாழ்வாரமும் உடைய வீடொன்று எழுப்பி, அரை மணி நேரப் பயணத்தை மருமகனுக்கு விட்டுவிடுங்கள். நாள்தோறும் அவ்வழியே வேலைக்கு வந்துபோகும் ஆசிரியர் பலரைக் காண்கின்றோம். அவ்வழி அவனுக்கு மட்டும் நீண்டதாகுமோ?

மணம்பேசும் இளைஞர்க்கும் ஒன்று சொல்வேன். நகரில் வீடு வேண்டும் என்று நீங்கள் கேட்கும் ஒரு வாக்கியம் ஓர் உழவனின் இரண்டு போக விளைநிலத்தை விழுங்குகின்றது. அந்நிலம் விற்கப்படாதிருப்பின், அதன் நெல் உங்கள் பிள்ளைகளுக்கும் உரியதாகும்.

அரசுக்குச் சொல்ல வேண்டியது சிறிதே. பாலம் கட்டியவர்கள் மாலைப் பேருந்தையும் ஓட்டுக. ஆசிரியர்க்கு ஊரிலே குடியிருக்க இல்லம் அமைக்க. யானை வேலியைப் பழுதின்றிக் காக்க. நகரின் பழைய வீடுகளைக் கணக்கெடுத்து, அவற்றின் உரிமையாளர் அவற்றிலேயே வாழ்ந்து பேணுதற்கு வழிசெய்க. இவற்றுள் எதுவும் பெரும்பொருள் வேண்டுவதன்று.

எழுவான்கரையும் படுவான்கரையும் ஒரே வாவியின் இரு கரைகள். ஒன்று நிரம்பி வழிய மற்றொன்று வெறுமையாதல் இரண்டுக்கும் நன்றன்று. நிரம்பிய கரையில் நீர் கெடும்; வெறுமையான கரையில் நெல்லும் கல்வியும் கெடும். கதிரவன் எழும் கரையிலேதான் வாழ்வு உண்டு என்று யாரும் நமக்கு விதிக்கவில்லை. சான்றோர் தங்கும் கரை எதுவோ, அக்கரையே குடியிருத்தற்குரிய கரை.